தடம் மாறிப் பிறந்த தமனி

இதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் இடது கொரோனரித் தமனி, பெருந்தமனியிலிருந்து கிளைப்பதற்குப் பதிலாக, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுசெல்லும் நுரையீரல் தமனியிலிருந்து கிளைத்துவிடும் பிறவிக் குறைபாடு, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்வதாக மதிப்பிடப்படுகிறது. மருத்துவர்கள் ‘அல்காபா’ எனச் சுருக்கி அழைக்கும் இக்குறைபாட்டின் நோய்க்கூறுகளை 1933இல் அமெரிக்க மருத்துவர்களான பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் ஆகிய மூவர் விரித்துரைத்தனர். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பது ஓராண்டுக்குள் இறந்துவிடும்.

எஞ்சியவர்கள் வளர்ந்து ஆளாவதற்கு வலது கொரோனரித் தமனியே காரணம். அது பருத்து, பக்கக்கிளைகளை இடப்புறம் பரப்பி, தசையின் பசியை ஓரளவு ஆற்றுகிறது. ஆனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகக் குறைவாதலால், அவ்வாறு வந்த இரத்தத்தில் ஒரு பகுதி, உடைந்த கரை வழியே வடியும் கால்வாய் நீரைப் போல, இடது தமனியில் எதிர்த்திசையில் ஓடி நுரையீரல் தமனிக்குள் வீணாகிவிடுகிறது. இதனால் மூச்சிரைப்பு, மைட்ரல் வால்வுக் கசிவு, துடிப்புச் சீர்குலைவு ஆகியவை தோன்றலாம். சிலருக்குத் திடீர் மரணமே முதல் அறிகுறி.

1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கெனச் சானடோரியம் நிறுவிய, சென்னையின் தென்புறத்திலுள்ள தாம்பரத்தில் மூச்சிரைப்பைக் கண்டதும் நுரையீரலை ஐயுறுவது இயல்பே. எனினும் குரோம்பேட்டை, பெரும்பாக்கம் எனத் தென்புறநகரெங்கும் பெரிய மருத்துவமனைகள் எழுந்துவிட்ட இக்காலத்தில், எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனையில் வலது தமனி காரணமின்றிப் பருத்துத் தெரியுமானால், சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து இடது தமனியின் பிறப்பிடத்தை உறுதிசெய்வது கடினமன்று.

குழந்தைகளிடம் அத்தமனியை அடிப்பகுதியோடு வெட்டியெடுத்துப் பெருந்தமனியில் தைத்துவிடுவார்கள். பெரியவர்களிடமோ அது நெகிழ்ச்சி இழந்து, எளிதில் கிழியக்கூடியதாக இருப்பதால், பல அறுவை மருத்துவர்கள் நுரையீரல் தமனியைத் திறந்து, அதில் இடது தமனி தொடங்கும் துளையை உள்ளிருந்தே தைத்து மூடிவிட்டு, மார்பெலும்பின் ஓரமாக உட்புறத்தில் செல்லும் உள்மார்புத் தமனியை இடது தமனியின் கிளையுடன் பைபாஸாக இணைக்கின்றனர். துளையை மூடாமல் பைபாஸ் மட்டும் செய்தால் புதிய இரத்தமும் அவ்வழியே வடியும். துளையை மட்டும் மூடினால் இதயம் முழுவதும் ஒற்றைத் தமனியையே நம்பியிருக்க நேரும். ஆகவே இரண்டும் ஒரே அறுவையில் முடிவதே முறை. இதயத்தை நிறுத்தும் மருந்துக் கரைசலும் அத்துளை வழியே ஒழுகக்கூடும் என்பதால், அதைச் செலுத்தும்போது நுரையீரல் தமனியைக் கவ்வியால் அடைக்க வேண்டும். அறுவைக்குப் பின்னும் பக்கக்கிளைகளின் இரத்தவோட்டம் சிலகாலம் பைபாஸுடன் போட்டியிடும் என்பதால், நோயாளி தொடர்ந்து பரிசோதனைக்கு வரவேண்டியுள்ளது.