உறுமுகிறது, ஓடவில்லை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசியிலிருந்து ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகும் சாலைகளில் வண்டிகளுக்குக் குறைவிருக்காது. வண்டி இருக்கும் இடத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசரும் இருக்கும். ஒரு காலத்தில் பஞ்சர் கடைக்கும் பட்டறைக்கும் மட்டுமே உரியதாக இருந்த அந்த எந்திரம் இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 25 லிட்டர் டேங்க், அதன் முதுகில் ஒன்றரை அல்லது இரண்டு எச்.பி. மோட்டார், இழுத்துப் போக இரண்டு சக்கரம். பைக் டயருக்குக் காற்றுப் பிடிக்கலாம், கதவுக்குப் பெயிண்ட் அடிக்கலாம், ஏசியில் அடைந்த தூசியை ஊதலாம். விலை மலிவு. சில மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் உறுமும், ஓடாது. எடுத்துக்கொண்டு போனால் பல இடங்களில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு, “காயில் போயிருக்கும்” என்பதுதான். அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி. மலிவு கம்ப்ரசரில் மிச்சம் பிடித்த காசெல்லாம் கிளம்பும் அந்த அரை வினாடியில்தான் வெளிப்படுகிறது. நின்ற நிலையிலிருந்து மோட்டார் தரக்கூடிய திருப்புவிசை ஒரு பக்கம், பிஸ்டன் காட்டும் எதிர்ப்பு மறுபக்கம். இந்த இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்த இடைவெளியை எது தின்றது என்று தேடினால், காயிலுக்கு வெளியிலேயே விடை கிடைத்துவிடும்.

மோட்டார் பக்கத்திலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ் மின்சாரம். அது ஒரே ஒரு காயிலில் பாய்ந்தால் உண்டாகும் காந்தப்புலம் சுழலாது. ஒரே கோட்டில் ஏறி இறங்கி, வினாடிக்கு 100 முறை உச்சம் தொடும், அவ்வளவுதான். உள்ளே நிற்கும் ரோட்டரை அது வலப்புறம் எவ்வளவு திருப்பப் பார்க்கிறதோ, இடப்புறமும் அதே அளவு திருப்பப் பார்க்கிறது. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது அல்லவா, அப்படியொரு நிலை. நமக்குக் கேட்கும் உறுமல் அந்த வீணான அழுத்தத்தின் சத்தம். நேரத்தில் ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு மின்னோட்டங்கள் இருந்தால் காந்தப்புலத்தைச் சுழலவைக்க முடியும் என்பதை இத்தாலியின் கலிலியோ பெராரிஸ் 1885-ல் செய்து காட்டினார். 1888-ல் நிக்கோலா டெஸ்லா அதே தத்துவத்தில் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். த்ரீ பேஸ் மின்சாரத்தில் இந்த விலகல் இயல்பாகவே இருப்பதால் பெரிய பட்டறை மோட்டார்கள் தாமே சுழலத் தொடங்குகின்றன. வீட்டு மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. இரண்டாவது காயில் ஒன்றைச் சுற்றி, அதற்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டரை, கடைக்காரர் மொழியில் கண்டன்சரை, வைத்து விலகலைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஆக, மோட்டாரின் முதல் உந்துதல் முழுவதும் ஒரு சிறிய டப்பாவை நம்பி நிற்கிறது. வருடக்கணக்கில் சூட்டிலும் அதிர்விலும் இருக்கும் அந்த டப்பா சத்தமில்லாமல் திறனை இழந்துகொண்டே வரும். 40 மைக்ரோஃபாரட் என்று மேலே அச்சிட்டிருக்கும், அளந்தால் 25 காட்டும். மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

இனி பிஸ்டன் பக்கம். இந்த ரகக் கம்ப்ரசரில் 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் சாதாரணம். அதன் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். டேங்கில் 8 பார் அழுத்தம் இருந்து, அதே அழுத்தம் பிஸ்டன் தலைக்கு மேலும் காத்திருந்தால், முதல் சுற்றிலேயே அது ஏறக்குறைய 140 கிலோ எடைக்கு எதிராக மேலே போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு அதன் வேகமே கைகொடுக்கும். நிற்கும் மோட்டாருக்கு அது முடியாத காரியம். இதைத் தெரிந்துதான் எந்திரத்தை அமைத்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டேங்க் வாயில் நான்-ரிட்டர்ன் வால்வ் இருக்கும். பம்புக்கும் அந்த வால்வுக்கும் நடுவிலுள்ள குழாயின் காற்றை, மோட்டாரைத் தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் அணையும் நொடியில், ஓர் ஊசி அளவு வால்வ் வெளியே விட்டுவிடும். டேங்க் நிரம்பியதும் கேட்கும் “புஸ்” சத்தம் அதுதான். அடுத்த முறை பிஸ்டன் வெறும் காற்றை எதிர்த்துக் கிளம்புகிறது.

நம் ஊரின் நிலைமை இங்கேதான் குறுக்கிடுகிறது. பிரஷர் சுவிட்ச் தானாக அணைந்தாலோ, அதன் தலையிலுள்ள குமிழை நாமே அணைத்தாலோதான் அந்தக் காற்று வெளியேறும். சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்தினால் வெளியேறாது, பிளக்கைப் பிடுங்கினாலும் வெளியேறாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் அப்படியே. ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று பாய்ந்து வரும் மாதங்களில் மரக்கிளை கம்பியில் உரசி ஒரு நிமிடம் மின்சாரம் போய் வருவது செங்கோட்டை, தென்காசிப் பக்கம் யாருக்கும் புதிதல்ல. அந்த ஒரு நிமிடத்தில் பம்பின் தலையில் அழுத்தம் சிறைப்பட்டுவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் எந்திரம் உறுமுகிறது. அதில் ஒரு பழுதும் இல்லை. குமிழை அணைத்து, “புஸ்” கேட்டு, மறுபடி போட்டால் போதும். இதைத் தெரியாமல் சுவர் சுவிட்சையே தட்டித் தட்டிப் பார்ப்பதில்தான் உண்மையான சேதம் தொடங்குகிறது. குமிழை அணைத்தும் சத்தம் நிற்காமல் காற்று கசிந்துகொண்டே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வில் துருவோ பிசிறோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் காயிலுக்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டுக் கையேடுகள் கிளம்பாத கம்ப்ரசருக்கு முதலில் குளிரில் இறுகிய ஆயிலைச் சந்தேகிக்கச் சொல்கின்றன. குற்றாலத்துச் சாரல் எவ்வளவு சிலிர்க்கவைத்தாலும் ஆயிலை இறுக்கும் குளிர் அல்ல, அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

மூன்றாவது காரணம் வோல்டேஜ். இது மோட்டாரின் உந்துதலை நேரடியாகத் தின்னும். இந்த மோட்டார்களின் திருப்புவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 கிடைத்தால் வோல்டேஜில் இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஆனால் திருப்புவிசையில் மிஞ்சுவது 61 சதவீதம்தான். வீரியமில்லாத மின்சாரத்தில் பல்பு மங்கலாகவாவது எரியும், மின்விசிறி மெதுவாகவாவது சுற்றும். கம்ப்ரசருக்கு நடுவழி கிடையாது, கிளம்பும் அல்லது நின்றுவிடும். சுரண்டை, ஆய்க்குடிப் பக்கம் இத்தனை காற்றாலைகள் சுற்றும்போது இங்கே எப்படி லோ வோல்டேஜ் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றாலை மின்சாரம் உயரழுத்தக் கம்பி வழியே துணை மின்நிலையத்துக்குப் போய், பொது வலையில் கலந்துவிடுகிறது. உங்கள் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரும், அதிலிருந்து வரும் கம்பியின் நீளமும், அதே கம்பியில் அந்த நேரம் ஓடும் மோட்டார்களும்தான். கண்ணுக்கெதிரே ஆலை சுற்றுவதால் கடைசி வீட்டுக்கு ஒரு வோல்ட்டும் கூடாது.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், 210 வோல்ட் இருக்கிறதே என்பார் ஒருவர். நியாயமான மறுப்புதான், ஆனால் சுமையில்லாத பிளக்கில் பார்த்த கணக்கு அது. இரண்டு எச்.பி. மோட்டார் ஓடும்போது பத்து ஆம்பியரை ஒட்டி இழுக்கும். கிளம்பும்போது அதுபோல நான்கைந்து மடங்கு இழுக்கும். முற்றத்தில் வேலை செய்வதற்காக 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர 40 மீட்டர், தடை சுமார் 0.7 ஓம். 40 ஆம்பியர் பாயும்போது அந்த ஒயரிலேயே 28 வோல்ட் தொலைந்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 182 வோல்ட். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியிலும் அதே நொடியில் வோல்டேஜ் இறங்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் மீட்டர் மறுபடி 210 காட்டும். குற்றவாளி அந்த அரை வினாடியில் மட்டும் தலைகாட்டுகிறான். அதனால் கிளம்பும் நொடியில், மோட்டார் பக்கத்து முனையில் அளக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லையென்றால் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அருகிலேயே கம்ப்ரசரை வைத்து, ஒயருக்குப் பதில் காற்றுக் குழாயை நீட்டிப் பார்க்கலாம். காற்றுக் குழாய் நீண்டால் மோட்டாருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பஞ்சர் கடை எந்திரம் இதே மின்சாரத்தில் கிளம்புகிறதே என்றால், அதன் கட்டுமானமே வேறு. கோவையில் 1960-ல் தொடங்கிய எல்ஜி போன்ற நிறுவனங்கள் செய்யும் பெல்ட் போட்ட கம்ப்ரசரில் சிறிய புல்லி பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. பம்ப் மெதுவாக ஓடும், மோட்டாரின் திருப்புவிசை பெருகிப் போய்ச் சேரும். வீட்டு ரகத்தில் மோட்டார் அச்சிலேயே பிஸ்டன் மாட்டியிருக்கும், நிமிடத்துக்கு 2800 சுற்று. எடையும் விலையும் குறைந்தது அப்படித்தான். கூடவே அந்த இடைவெளியும் குறைந்தது.

சத்தமே இல்லாமல் செத்ததுபோல் கிடக்கும் கம்ப்ரசர் வேறு வகை, அதைக் கண்டுபிடிப்பது எளிது. டேங்கில் ஏற்கெனவே போதிய காற்று இருந்தால், அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும்வரை பிரஷர் சுவிட்ச் மோட்டாரை ஓட விடாது. காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் அசைவில்லை என்றால் சூட்டில் தெறித்த ஓவர்லோட் பொத்தான், தளர்ந்த பிளக், ஈரத்தில் பச்சை பூத்த சுவிட்ச் முனைகள் என்று பார்த்துக்கொண்டே வரலாம். மழைக்காலத்தில் காய்ந்த இடம் தேடி எறும்பும் பல்லியும் சுவிட்ச் பெட்டிக்குள் குடியேறுவதை மோட்டார் கொட்டகை வைத்திருக்கும் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் காயில் கருகுவதே இல்லையா? கருகுகிறது, அந்த வாடையை யாரும் தவறவிட முடியாது. ஆனால் எதனால் கருகியது என்பதையும் கேட்க வேண்டும். நின்ற மோட்டார் ஐந்து மடங்கு மின்னோட்டம் இழுத்தால் காயிலில் பிறக்கும் சூடு இருபத்தைந்து மடங்கு. குளிர்விக்க வேண்டிய விசிறியோ அதே அச்சில் மாட்டியிருப்பதால் அதுவும் நிற்கிறது. உறுமும் எந்திரத்தை, கிளம்பிவிடும் என்ற நம்பிக்கையில் அரை நிமிடம் பிடித்து வைத்தால் காயிலின் வார்னிஷ் உருகத் தொடங்கும். கருகல் அநேகமாகக் கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயத்தில் பலவீனமான கண்டன்சரோ, சிறைப்பட்ட காற்றோ, மெல்லிய ஒயரோ இருந்திருக்கும். அதைத் திருத்தாமல் காயில் மட்டும் கட்டிவந்தால் புதுக் காயிலும் அதே வழியில் போகும். ஆகவே உறுமல் கேட்டால் இரண்டு மூன்று வினாடிக்குள் அணைத்துவிட வேண்டும். பிறகு குமிழை அணைத்துப் போட்டு ஒரு முறை, டேங்கைக் காலி செய்துவிட்டு ஒரு முறை, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஒரு முறை என்று சோதிக்கலாம். இவற்றுக்குக் காசே வேண்டாம். டேங்க் காலியாக இருந்தும், நேர் சாக்கெட்டில் மாட்டியும் உறுமினால் அடுத்த சந்தேகம் கண்டன்சர்மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் புதிது வாங்கிவிடலாமே என்று கேட்கலாம், மலிவான பொருள்தானே. நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்குத்தான் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. மேலே பார்த்த காரணங்களில் பாதி எந்திரத்தில் இல்லை, வீட்டு வயரிங்கிலும் தெருக் கம்பியிலும் சுவிட்சைப் போடும் பழக்கத்திலும் இருக்கின்றன. புது எந்திரமும் அவற்றுக்கு வாரிசாகத்தான் வரும். ஸ்டெபிலைசர் வாங்கினால் தீராதா என்றால், ஓடும் மின்னோட்டத்துக்குக் கணக்கிட்டு வாங்கிய ஸ்டெபிலைசர் கிளம்பும் மின்னோட்டத்தில் தானே தொய்ந்துவிடும். அதற்கும் எந்திரத்துக்கும் நடுவில் நீள ஒயர் இருந்தால் அதில் தொலையும் வோல்டேஜை அதனால் மீட்கவும் முடியாது.

தூக்கிப் போட நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: டேங்க். சாரல் நாளில் 25 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீர் ஆவியாக இருக்கும். 25 லிட்டர் டேங்கை 8 பாருக்கு நிரப்ப 225 லிட்டர் காற்று வேண்டும். நெருக்கப்பட்டு ஆறிய காற்றால் அத்தனை ஈரத்தையும் சுமக்க முடியாது, நான்கு கிராம் அளவுக்குத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கிவிடும். இது ஒரு நிரப்புக்கு. நாளுக்குப் பத்து முறை நிரம்பினால் கிட்டத்தட்ட நாற்பது கிராம். ஆனி ஆடியில் தினமும் அடித் திருகைத் திறந்து வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்ட டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே தகடு மெலிந்துபோகும். வடியும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தாலோ, அடியில் ஊசித் துளை தெரிந்தாலோ வெல்டிங் வைத்து ஒட்டுப் போடக் கூடாது. மோட்டார் எவ்வளவு நன்றாகக் கிளம்பினாலும், அந்த டேங்கில் மறுபடி காற்றடைக்கக் கூடாது.