மண் நுண்ணுயிரிகள்: நைட்ரஜன் மாற்றச் சோதனை

நைட்ரஜன் மாற்றச் சோதனை என்பது, பூச்சிக்கொல்லி போன்ற வேதிப்பொருள் மண்ணில் சேரும்போது அங்குள்ள நுண்ணுயிரிகளின் நைட்ரஜன் மாற்றும் பணி நீண்டகாலம் பாதிக்கப்படுகிறதா என்று அறிய உதவும் ஆய்வக முறையாகும். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 2000-ஆம் ஆண்டில் இதனைத் தனது 216-ஆம் எண் சோதனை வழிகாட்டியாக ஏற்றது.

அடிப்படை

இலைதழைகளில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி புரதமாக இருக்கிறது. பயிர் அதை எளிதில் எடுத்துக்கொள்ள இயலாது. மட்கச் செய்யும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதனை அம்மோனியமாக மாற்றுகின்றன. பின்னர் நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் வேலையைச் செய்யப் பலவகை உயிரிகள் உண்டு. ஒன்று நலிந்தால் மற்றொன்று ஈடுசெய்யும். நைட்ரேட்டாக்கும் உயிரிகளோ சில வகைகளே. எனவே நஞ்சின் பாதிப்பு இப்படியில் எளிதில் வெளிப்படும்.

செய்முறை

1. மணற்பாங்கான வயல்மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும்.
2. ஒரு கிலோ உலர்மண்ணுக்கு 5 கிராம் வீதம், குதிரை மசால் போன்ற தாவரத்தின் உலர்பொடியைக் கலக்க வேண்டும். இதுவே நுண்ணுயிரிகளுக்கு உணவு.
3. மண்ணின் ஒரு பகுதியில் வேதிப்பொருளைச் சேர்த்து, மறுபகுதியை ஒப்பீட்டுக்காக அப்படியே விட வேண்டும். வேளாண் வேதிப்பொருளாயின், வயலில் எதிர்பார்க்கப்படும் உச்ச அளவிலும் அதன் பன்மடங்கிலும் சோதிப்பர்.
4. ஈரப்பதம் குறையாமல், 20 டிகிரி செல்சியஸில், இருளில் வைக்க வேண்டும்.
5. 0, 7, 14, 28-ஆம் நாள்களில் மாதிரி எடுத்து, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி, வடிநீரில் உள்ள நைட்ரேட்டை அளக்க வேண்டும்.

முடிவை அறிதல்

வேளாண் வேதிப்பொருள்களில், எதிர்பார்க்கப்படும் அளவு சேர்த்த மண்ணுக்கும் ஒப்பீட்டு மண்ணுக்கும் நைட்ரேட் உருவாகும் வேகத்தில் உள்ள வேறுபாடு 28-ஆம் நாளில் 25 சதவீதத்திற்கு மேற்படாவிட்டால், நீண்டகாலப் பாதிப்பு இல்லை எனக் கொள்வர். மேற்பட்டால் சோதனையை 100 நாள்கள் வரை நீட்டிக்கலாம். இடையில் நுண்ணுயிரிகள் மீள்கின்றனவா என்பது இதனால் தெரியவரும்.

நைட்ரேட் கூடினாலும் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. நஞ்சால் மடிந்த உயிரிகளின் உடலிலிருந்து வெளிப்பட்ட நைட்ரஜனாகவும் அது இருக்கலாம். அதுபோல, நைட்ரேட்டாக்கம் தாமதமாவது எப்போதும் தீமையன்று. வேம்பு பூசிய யூரியாவில், உரம் வீணாகாதிருக்க அதை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறோம். ஆனால் களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ உழவர் அறியாமலே அதைத் தடுத்தால், தழையுரம் இட்டும் பயிருக்கு வேண்டிய நேரத்தில் சத்து கிடைக்காது போகலாம்.

வரம்பு

இச்சோதனை காற்றோட்டமுள்ள மேல்மண்ணுக்கு உரியது. நீர் தேங்கிய நெல்வயலில் ஆக்சிஜன் குறைவு. அங்கு நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவே நிற்கும். ஆகவே இங்கு தேறிய ஒரு மருந்து நஞ்சை நிலத்திற்கும் தீங்கற்றது என்று இச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.