பாட்டியின் செருப்பு நழுவுகிறதா?

காலையில் நீங்கள் காப்பி கலக்கும்போது உங்கள் மாமியார் என்ன சொல்லுகிறார்? "எனக்கு அரை டம்ளர் போதும்மா. பாலைக் குழந்தைகளுக்கு வை. இந்த வயசில் எனக்கு என்ன பால் வேண்டிக் கிடக்கு?" என்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். அடுப்பில் பால் பொங்கி வழிவதற்குள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை அவர் எப்போதோ விட்டாயிற்று. இரண்டு இட்லியோடு சரி. பகலில் கொஞ்சம் ரசம் சாதம், ஒரு பிடி மோர் சாதம். அந்த மோரும் நீர் விட்டுப் பெருக்கிய மோர். "வயதானவர்களுக்கு இது போதும், ஜீரணமாக வேண்டாமா?" என்று நீங்களும் இருந்துவிடுகிறீர்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு" என்கிறார். நடக்கும்போது செருப்பு நழுவி இரண்டடி பின்னால் கிடக்கிறது. அது நழுவியதே அவருக்குத் தெரியவில்லை! மார்கழி மாதத்தில் இழை பிசகாமல் கோலம் போட்ட கை, இன்று புள்ளி வைக்கவே தடுமாறுகிறது. சாவியை வைத்த இடம் மறந்து போகிறது. "வயசாச்சு, வேறென்ன?" என்று வீடு முழுவதும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதுமையின் தலையில் நாம் சுமத்தும் குற்றங்கள் சிலவற்றுக்கு உண்மையான குற்றவாளி வேறு ஆசாமி. வைட்டமின் பி12 குறைவு என்பது அவன் பெயர்.

இந்தச் சத்து நமக்கு எவ்வளவு தேவை தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரோகிராம் என்று பெயர். அப்படி ஏறக்குறைய இரண்டரைக் கூறு இருந்தால் ஒரு நாள் கழிந்துவிடும். இத்தனை சின்ன வஸ்து ரத்தம் ஊறுவதற்கும் வேண்டும், நரம்புகளின் மேலுறை கெடாமல் இருப்பதற்கும் வேண்டும்.

ஒரு காலத்தில் இது உடம்பில் சேராமல் போய் வரும் சோகை, உயிரைக் கொண்டுபோகும் நோயாக இருந்தது. 1926-ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள், அந்த நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஈரலில் இருந்த அந்த மாயப் பொருள் எது என்று கண்டுபிடிக்க இன்னும் 22 வருஷம் ஆயிற்று. 1948-ல் அதைச் சிவப்பு நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். டாக்டர் போடும் பி12 ஊசி மருந்து சிவப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சிவப்புத்தான். அதன் அமைப்பை எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்து விளக்கியவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்தின் டோரதி ஹாட்ஜ்கின். 1964-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் சமையலறைக்கு வருவோம். பி12 சத்தை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பசுவின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தயாரிக்கின்றன. பாலிலும் அது வந்து சேருகிறது. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் அரிசி, பருப்பு, காய்கறிகளில் கிடையாது. முருங்கைக்கீரை எத்தனையோ நல்லது செய்யும். இந்த ஒன்றை மட்டும் தராது. ஆகவே சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குப் பாலும் தயிருந்தான் கதி. கால் லிட்டர் பாலில் சுமார் ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும். அரை டம்ளர் காப்பியும் நீர்மோருமாக இருந்தால் கணக்கு எங்கே நிரம்பும்? நீங்களே சொல்லுங்கள்.

"எங்கள் வீட்டில் மீனும் முட்டையும் உண்டே!" என்று சிலர் நிம்மதி அடையலாம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆகாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பி12 சத்தைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வயதானவர்களில் பலருக்கு அந்த அமிலம் குறைந்துவிடுகிறது. போதாததற்கு மாத்திரைகள் வேறு. சர்க்கரை வியாதிக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஒமெப்ரஸோல், பான்டொப்ரஸோல் போன்றவை வருஷக்கணக்கில் தொடர்ந்தால் பி12 குறையக்கூடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. நம் ஈரல் ஒரு கெட்டிக்காரக் குடும்பத் தலைவி. பி12 சத்தைச் சில வருஷங்களுக்குப் போதுமான அளவு சேர்த்து வைத்திருக்கும். ஆகையால் இன்று பாலை நிறுத்தினால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. சேமிப்பு மெல்லக் கரைந்து, பெட்டி காலியான பிறகே தொல்லை தலைகாட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

என்ன செய்ய வேண்டும்? ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சாதாரணப் பரிசோதனைக் கூடங்களிலேயே பி12 அளவைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். குறைவு என்று தெரிந்தால் டாக்டர் ஊசி போடுவார், அல்லது மாத்திரை கொடுப்பார். மாத்திரையில் உள்ள பி12 ஆகாரத்தோடு ஒட்டியிராததால், வயிற்றில் அமிலம் குறைந்தவர்களுக்கும் உடம்பில் சேரும். மறதி, தள்ளாட்டம் எல்லாவற்றுக்குமே இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு இருக்கலாம், வேறு நோயும் இருக்கலாம். ஆனால் இது சுலபமாகக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியது. அதைப் பார்க்காமல் விடுவது நியாயமா?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. சோகை என்று நினைத்து, கடையில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் தேறிவிட்ட மாதிரி தெரியும். உள்ளே நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் குணமாகும். நாள் கடத்தினால், போன உணர்ச்சி முழுவதும் திரும்பாமலே போகலாம். உணர்ச்சியற்ற கால் குளியலறையில் வழுக்கினால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

மாமியாரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்கிறீர்களா? வாதம் செய்யாதீர்கள், தோற்றுப் போவீர்கள். பேத்தியின் கையில் முழு டம்ளர் பாலைக் கொடுத்து, "பாட்டி குடித்தால்தான் நானும் குடிப்பேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். மோரைக் கொஞ்சம் கெட்டியாகக் கரையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது செருப்பு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. எல்லோருக்கும் ஊற்றிய பிறகு, பாத்திரத்தில் மிஞ்சிய பாலில் தண்ணீர் விட்டுக் காப்பி கலந்து குடிப்பது யார்? உங்களுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா! நாளை முதல் உங்கள் டம்ளரையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.