முளைச்சதை நம்பாதீங்க, மூணாவது இலையைப் பாருங்க

நெல் விதை ஊறியதும் உள்ளே அமைலேஸ் என்ற நொதி சுரந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து முளைக்கு ஊட்டும். மண்ணில் உப்பு கூடினால் விதை தண்ணீர் இழுக்கத் திணறும். நொதி வேலை மந்தமாகும், முளைப்பும் தள்ளிப்போகும். ஆனாலும் ஓரளவு உப்பில் நெல் முளைத்துவிடும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்! இரண்டு மூன்று இலைப் பருவத்தில்தான் உப்பு நாற்றைச் சாய்க்கும்: இலைநுனி வெளுக்கும், சுருண்டு காயும். கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகள் சுறுசுறுப்பாக இயங்கும் நாற்றுகள் இதைக் கூடுதலாகத் தாங்கும். இது ரகத்துக்கு ரகம் மாறும். நாகை கடலோரத்தில் குழியடிச்சானுக்கு உப்பு தாங்கும் ரகம் என்ற பெயர் சும்மா வரவில்லை. நீங்க ரகம் தேர்வு செய்யும்போது ஈரத்துணி முளைப்புச் சோதனையோடு நிறுத்தாதீங்க. உங்க வயல் மண்ணையே தொட்டியில் நிரப்பி, பாசனத் தண்ணியையே விட்டு, மூணு இலை விரியும்வரை வளர்த்துப் பாருங்க.