உஷார்! முன் ஆக்ஸிலில் வெல்டிங் வைக்கும் முன்

ஜீப்புக்கு 33 அங்குல டயர், முன்னால் வின்ச், கனமான ஸ்டீல் பம்பர் எல்லாம் போட்டாயிற்று. "அப்படியே ஃப்ரன்ட் ஆக்ஸிலையும் ஸ்ட்ராங் பண்ணிடுங்க" என்று பட்டறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களா? இன்றைக்கே போய் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஹவுசிங்கின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பில் வெல்டிங் ஓடியிருந்தால், அந்த வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நான் பயந்தவன். அதனால்தான் எழுதுகிறேன். திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருக்கும், ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. காற்று இறங்கிவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டினேன். காற்று சரியாகத்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுக் காஸ்டிங்கை விட்டு இடது குழாய் கிளம்பும் இடத்தில், வெல்டிங்கை ஒட்டி, தலைமுடி பருமனுக்கு ஒரு கோடு. அதன் வழியே கியர் ஆயில் கசிந்து, செம்மண் அப்பிக் கிடந்தது. மூன்று மாதம் முன்புதான் அந்த ஹவுசிங்குக்கு மேலே தகடு வைத்துப் பலப்படுத்தி வாங்கியிருந்தேன்.

வில்லிஸ் காலத்திலிருந்து வரும் ஜீப் ஆக்ஸிலில் நடுப்பகுதி வார்ப்பு இரும்பு. அதன் இரு பக்கமும் ஸ்டீல் குழாயை அழுத்திச் செருகி, துளை வழியே வெல்டிங் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே இரும்பு இல்லை. வார்ப்பு இரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல். சாதாரண ராடை எடுத்துக் குளிர்ந்த காஸ்டிங்கில் பற்றவைத்தால், ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி, ஆறும்போதே கீறல் விடும். அன்றைக்கு அது கண்ணுக்குத் தெரியாது. காஸ்டிங்கை முன்கூட்டியே நன்றாகச் சூடேற்ற வேண்டும், நிக்கல் ராடு வேண்டும். ஒரு அங்குலம் வைத்து, லேசாகச் சுத்தியால் தட்டி, அடுத்த அங்குலத்துக்குப் போக வேண்டும். முடிந்ததும் சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் காரியம் கெட்டது. ஜிப்ஸியின் ஹவுசிங் ஸ்டீல் தகட்டில் அழுத்திச் செய்தது, அதில் இந்த வார்ப்புத் தொல்லை இல்லை. ஆனால் அடுத்து சொல்லப்போவது அதற்கும் பொருந்தும்.

வெல்டிங் ஆறும்போது சுருங்கும். மேல்பக்கம் மட்டும் நீளமாக வைத்தால், சுருங்கி இழுத்து இரண்டு முனைகளையும் மேலே தூக்கிவிடும். வண்டியின் பாரமும் ஹவுசிங்கை அந்தத் திசையில்தான் வளைக்கப் பார்க்கிறது. பாரம் ஏறும் முன்பே நாமே வளைத்துக் கொடுத்துவிடுகிறோம்! சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள் ஓரம் தேயும், ஆக்ஸில் ஷாஃப்டின் சீலில் ஆயில் ஒழுகும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ஹவுசிங்கைக் கழற்றி அளந்துவிடுங்கள். டிஃபரன்ஷியல் பேரிங் உட்காரும் இடத்தில் லேத்தில் கடைந்த வட்டுகளை வைத்து, நேரான கம்பியை இரு முனைவரை ஓட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் இதைச் செய்யாமல் விடக் கூடாது. வெல்டிங்கையும் துண்டு துண்டாக, இடது வலது என்று மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும்.

பலரும் நடுவில் தகடு வைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நக்கிள் பூட்டும் முனையை யாரும் கவனிப்பதில்லை. சக்கரம் பாறையில் பக்கவாட்டில் மோதும்போது, அந்த அடி டயரின் ஆரத்தை நெம்புகோலாக்கி நேராக அந்த முனையில்தான் இறங்குகிறது. ஜீப்பில் கம்பெனி போட்ட 6.00-16 டயர் சுமார் 28 அங்குல உயரம். 33 போட்டால் நெம்புகோல் இரண்டரை அங்குலம் நீள்கிறது. முனைக்கும் குழாய்க்கும் நடுவே முக்கோணத் தகடு வைக்காமல் நடுவை மட்டும் கனமாக்கினால், அடுத்து உடையப்போவது அந்த முனைதான்.

மேலே ஏற்றிய தகட்டுக்கும் இன்ஜின் சம்ப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை முழுதாக அழுந்தும்போது தகடு சம்ப்பைக் குத்தி ஓட்டை போடும். பம்ப் ஸ்டாப்பை அதற்கேற்ப இறக்க வேண்டும்.

இன்னொன்று. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அன்று திம்பம் சாலையில் நான் ஓட்டியதே தப்பு. எதிரே வந்த பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்களோ, இன்றும் நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. இப்போது அந்த ஜீப்பை ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன்.

ஆக்ஸிலைக் கழற்ற வேண்டாம், வண்டியிலேயே வைத்து அடித்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.