நாளைய ரூபாய் – 7: வட்டியை வாங்க ஆள் வேண்டும்

சென்ற வாரம் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றோடு வட்டி விகிதத்தைக் கூட்டி, எத்தனை ஆண்டோ அத்தனை முறை அசலைப் பெருக்கினால் எதிர்கால மதிப்பு வந்துவிடும். அந்தக் கணக்கில் பிழை கிடையாது. பிழை, அதை நாம் படிக்கிற விதத்தில் இருக்கிறது. பணத்தைத் தொடாமல் விட்டுவைத்தால் போதும், அது பாட்டுக்கு வளரும் என்று நினைக்கிறோம். வட்டி குட்டி போடும் என்று பேச்சில் சொல்வதும் இந்த நினைப்பில்தான். தானாக எந்த வட்டியும் குட்டி போடுவதில்லை. இந்த ஆண்டு வந்து சேர்ந்த வட்டியை, அதே விகிதம் தரச் சம்மதிக்கிற யாரோ ஒருவர் திரும்பக் கடனாக வாங்கினால்தான் அடுத்த பெருக்கல் நடக்கும். சூத்திரத்தில் 30 என்று அடுக்கு போடும்போது, அப்படிப்பட்ட ஆள் 30 ஆண்டும் தவறாமல் கிடைப்பார் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்; கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

இதை 200 ஆண்டுகள் சோதித்துப் பார்த்த உயில் ஒன்று உண்டு. 1790 ஏப்ரலில் இறந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அதற்கு முந்தைய ஆண்டு தன் உயிலுக்கு எழுதிய பிற்சேர்க்கையில் பாஸ்டனுக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் தலா 1,000 பவுண்டு ஒதுக்கினார். யோசனைக்கு விதை ஒரு கேலிதான். மத்தோன் தெ லா கூர் என்ற பிரெஞ்சுக்காரர், சிறுதொகையை நூற்றாண்டுக் கணக்கில் வட்டிக்கு விட்டு உலகத்துக்கே நன்மை செய்யக் கிளம்பும் ஒரு கற்பனை மனிதரின் உயிலை நையாண்டியாக எழுதியிருந்தார். ஃபிராங்க்ளின் கோபித்துக்கொள்ளவில்லை, நன்றி சொல்லிவிட்டு அதையே நிஜமாகச் செய்தார். தொழில் பழகி முடித்த, திருமணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்கு 15 முதல் 60 பவுண்டு வரை 5 சதவீத வட்டியில் கடன். இரண்டு பேர் ஜாமீன். ஆண்டுதோறும் அசலில் பத்தில் ஒரு பங்கும் வட்டியும் திரும்ப வர வேண்டும். வந்தது மறுபடி கடனாகப் போக வேண்டும். 100 ஆண்டில் 1,000 பவுண்டு 1,31,000 ஆகும். அதில் ஒரு லட்சத்தை நகரத்தின் பொதுப்பணிகளுக்குச் செலவிட்டு, மிச்சம் 31,000-ஐ இன்னொரு நூற்றாண்டு சுழல விட்டால் 40,61,000 ஆகும் என்றார். நீங்களும் பெருக்கிப் பாருங்கள், சரியாகத்தான் வரும்.

நடந்தது வேறு. தவணை தவறினார்கள், ஜாமீன் நின்றவர்கள் கட்ட வேண்டி வந்தது. அதைவிடப் பெரிய அடி, ஆலைகள் பெருகியபோது விழுந்தது. ஆசானிடம் தொழில் பழகி, தனிப் பட்டறை போடும் இளைஞர் என்ற இனமே அருகிவிட்டது. கடன் கொடுக்கப் பணம் இருந்தது, வாங்கத் தகுதியுள்ள ஆள்தான் இல்லை. பாஸ்டன் நிர்வாகிகள் பணத்தை ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் போட்டு வளர்த்தார்கள். முதல் நூற்றாண்டின் முடிவில் அங்கே சேர்ந்தது சுமார் 3,90,000 டாலர். பழைய மாற்று விகிதப்படி ஃபிராங்க்ளின் கணக்கு சுமார் 5,80,000 டாலர் என்றது. பிலடெல்ஃபியாவில் சேர்ந்தது பாஸ்டனை விடவும் மிகக் குறைவு. 200 ஆண்டு நிறைந்த 1990-ல் பாஸ்டன் நிதி கிட்டத்தட்ட 50 லட்சம் டாலரையும், பிலடெல்ஃபியா நிதி 20 லட்சத்துக்குச் சற்று மேலும் எட்டியிருந்தன. அதே மாற்று விகிதத்தில் உயில் சொன்ன தொகை ஒவ்வொரு நகரத்துக்கும் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர்.

நிர்வாகிகள் சரியில்லை, கணக்கை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் பாஸ்டனின் முதல் நூற்றாண்டைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அவர்கள் ஈட்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரை சதவீதம். குற்றம் சொல்ல முடியாத வருமானம் அது. 5-க்கும் அதற்கும் இடையே அரை சதவீதம்தான்; 100 ஆண்டில் அந்த அரை, முடிவுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. ஒரே உயில், ஒரே தொகை, ஒரே நாளில் தொடங்கிய இரண்டு நகரங்கள் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்டதும் அதையே காட்டுகிறது: வட்டி விகிதம் பணத்தின் குணம் அல்ல, அதைக் கையாள்பவர்களின் உழைப்பும் அவர்கள் வாழ்ந்த காலமும் சேர்ந்து தருவது.

சரி, அரசே பொறுப்பேற்றால்? கிறிஸ்து பிறந்தபோது 5 சதவீதக் கூட்டு வட்டிக்கு விட்ட ஒரு பென்னி, தன் காலத்துக்குள் 15 கோடிப் பூமிகள் அளவு தங்கமாகியிருக்கும் என்று 1772-ல் எழுதினார் ரிச்சர்ட் பிரைஸ். இந்த மாயத்தை நம்பி, நாட்டுக் கடனை அடைக்க 1786-ல் ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்டு ஒதுக்கி ஒரு நிதியைத் தொடங்கினார் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட். நிதி, அரசின் கடன் பத்திரங்களையே வாங்கி அவற்றின் வட்டியைச் சேர்த்தது. அந்த வட்டியைக் கட்டியதும் அரசுதான், வரிப்பணத்திலிருந்து. பிரான்ஸுடன் போர் வந்து உபரி தீர்ந்ததும், புதுக்கடன் வாங்கி நிதிக்குள் போட்டார்கள். இடது பையிலிருந்து வலது பைக்கு, நடுவில் தரகுச் செலவோடு. 1829-ல் அதைக் கைவிட்டார்கள்.

நம் பி.பி.எஃப். கணக்கில் இத்தகைய கேலிக்கூத்து இல்லை; சேமிப்பவருக்கு வட்டி ஒழுங்காக வந்து சேர்கிறது. ஆனால் விகிதம்? 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீதம், 2003-ல் 8, 2020 ஏப்ரலிலிருந்து 7.1. ஒரு லட்சம் 30 ஆண்டில் 12 சதவீதத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ஆகும், 7.1-ல் 7.83 லட்சம். 1990-ல் கணக்குப் போட்டவர் முதல் எண்ணைத்தான் நாட்குறிப்பில் எழுதியிருப்பார். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இந்த 7.83 லட்சம் இன்றைய விலையில் 1.81 லட்சத்துக்குத்தான் சமம் என்பது தனிக் கதை. 12 சதவீத காலத்தில் விலைவாசியும் வேகமாக ஏறியதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் சூத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. ஒரே விகிதத்தில் நிறுத்தாமல் 7-க்கும் 5-க்கும் போட்டுப் பார்க்கலாம்: ஒரு லட்சத்துக்கு 7.61 லட்சம், 4.32 லட்சம். மகளின் படிப்போ ஓய்வுக்காலமோ, கீழ் எண்ணைக் கொண்டு ஓடுமா என்பதுதான் கேள்வி. ஃபிராங்க்ளினைக் கணக்கில் ஏமாந்தவர் என்று சொல்வதும் தவறு. 40,61,000-இல் 10,61,000 நகரத்துக்கு, 30 லட்சம் மாநிலத்துக்கு என்று பிரித்துவைத்த அதே பிற்சேர்க்கையில், திட்டம் தடையின்றி நடந்தால் என்ற நிபந்தனையையும், இவ்வளவு நீண்ட காலத்தில் மனித முயற்சிகளுக்கு நேரும் விபத்துகளை எண்ணினால் தான் அதிகம் ஆசைப்பட்டுவிட்டேனோ என்ற ஐயத்தையும் அவர் எழுதித்தான் வைத்திருக்கிறார். அவருடைய கதையைச் சொல்லிச் சேமிப்புத் திட்டம் விற்பவர்கள் அந்த வரிகளுக்குப் போவதில்லை.