பகுதி முன்தோல் நீக்கம்

பகுதி முன்தோல் நீக்கம் அல்லது பகுதி விருத்தசேதனம் என்பது ஆண்குறியின் முன்தோலை முழுவதும் அகற்றாமல், அதன் இறுகிய நுனி வளையத்தை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். முன்தோல் குறுக்கம் உள்ள வயதுவந்த ஆண்கள் சிலர், மொட்டு ஓரளவேனும் மூடியிருக்க வேண்டும் என விரும்பி இதனைத் தெரிவு செய்கின்றனர்.

பிறந்த குழந்தைகளில் முன்தோல் மொட்டுடன் ஒட்டியிருப்பது இயல்பு, அது நோயன்று. டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கோப் ஊஸ்டர் 1968 இல் வெளியிட்ட ஆய்வில், 16-17 வயது மாணவரிடையே குறுக்கம் ஏறக்குறைய 1% அளவிலேயே காணப்பட்டது. வயதுவந்தபின் புதிதாகத் தோன்றும் இறுக்கத்திற்கு அடிக்கடி வரும் அழற்சி, நீரிழிவு, தோலை வெளுத்துத் தடிக்கச் செய்யும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் ஆகியன காரணமாகலாம்.

வழக்கமாக முதலில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பு சில வாரங்கள் பூசப்பட்டு, தோல் மெல்லப் பின்னிழுத்துப் பழக்கப்படுகிறது. பலருக்கு இதுவே போதுமானது. தோலை நீக்காது, நெடுக்காகக் கீறிக் குறுக்காகத் தைத்து அகலப்படுத்தும் முறையும் உண்டு.

பகுதி நீக்கத்தின் முதன்மையான குறை, தழும்பு சுருங்கி மீண்டும் குறுக்கம் ஏற்படக்கூடும் என்பதாகும்; அப்போது இரண்டாவது அறுவை தேவைப்படலாம். லைக்கன் ஸ்கிளிரோசஸ் எஞ்சிய தோலில் திரும்பக்கூடியது என்பதால், அந்நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக முழு நீக்கமே பரிந்துரைக்கப்படுகிறது.

பின்னிழுத்த தோல் முன்வராமல் மொட்டை இறுக்கி வீங்கச் செய்வது அவசர நிலை. உடனடி மருத்துவ உதவி தேவை.